மோரில் ஊறிய ஹாப்ஸ்

டெக்சஸுக்கு, ரவுண்ட் ராக்குக்கு வந்த பிறகு இரண்டு முறை ஹாப்ஸ் என்ற கொடியின் கிழங்கு வாங்கி நட்டுப் பார்த்தேன். முதல் முறை மே மாதத்திலேயே இலையின் ஓரம் கருகிவிட்டது. இரண்டாம் முறை வீட்டின் கிழக்குப் பக்கத்தில், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பார்த்து நட்டேன். இடுப்பு உயரம் வந்தது. நாலைந்து பூ பூத்தது. ஜூலை வெயிலில் அதுவும் சுருண்டுவிட்டது. அந்தச் செடிக்கு நல்ல குளிர்காலம் வேண்டும், கோடையில் நீண்ட பகல் வேண்டும். இங்கே வெயில் மட்டும்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் இருந்த வீட்டில் அதை நான் நடக்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பின்பக்க வேலி ஓரமாக விட்டுப்போன செடி. நாங்கள் குடியேறிய முதல் ஏப்ரலில், பனி உருகிய ஈர மண்ணிலிருந்து செந்நிறக் குருத்துகள் கூட்டமாக எட்டிப்பார்த்தன. இலை விரிந்ததும் பாகல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சொரசொரப்பும் கொடி போகும் வேகமும் அப்படித்தான் இருந்தன. நியூ ஜெர்சியில் யார் வேலியோரம் பாகல் வைத்துவிட்டுப் போவார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சணல் கயிறு வாங்கி வந்து, வீட்டின் பின்னால் இருந்த மர டெக்கின் கைப்பிடியிலிருந்து வேலி வரைக்கும் நாலு கயிறு இழுத்துக் கட்டினேன். சில சமயம் கொடி ஒரே நாளில் ஒரு சாண் கூட ஏறியது. எல்லாக் கொடியும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். நான் மாற்றிச் சுற்றிவிட்டால் மறுநாள் காலை அவிழ்த்துக்கொண்டு பழையபடி சுற்றியிருக்கும்.

பாகற்காய்க்காக ஆகஸ்ட் வரை காத்திருந்தேன். வந்தது பூ. விரல்நுனி அளவு, தாள் போன்ற பச்சை இதழ்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பொடி, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரியும் மாங்காய்க் காம்பு மாதிரியும் ஒரு வாசனை.

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், என் வயதுதான் இருக்கும். நான் பூவை முகர்ந்துகொண்டு நிற்பதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, அது ஹாப்ஸ், பீரில் போடுவது என்று சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அடுத்த சனிக்கிழமை தன்னிடம் சும்மா கிடந்த பெரிய பானை ஒன்றையும், மூடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றையும் வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. அப்படித்தான் நான் பீர் செய்ய ஆரம்பித்தேன்.

நான் படித்தது ப்ளஸ் டூ. ஊரில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். மனைவி பி.எஸ்சி. முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு மேலே படித்தாள், ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து அமெரிக்கா வந்தாள். நானும் பின்னால் வந்தேன். எனக்கு ஓர் இந்தியப் பலசரக்குக் கடையில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்குப் போய் லாரியில் வரும் காய்கறியை இறக்கி அடுக்கிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் நண்பர்கள் வீடுகளுக்குப் போவோம். அங்கே எல்லாரும் என்ஜினியர், டாக்டர். "நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?" என்று கேட்பார்கள். சொல்வேன். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் பேஸ்மென்ட்டில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயில் குமிழ் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

மனைவி தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. எங்க ஊர்ல வீட்ல காய்ச்சுறாங்கன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்பது சரியில்லை, அப்படிக் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பமே வந்ததில்லை. அத்தையின் அண்ணன் குடித்தே போனவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என்னைப் பற்றி அத்தை கேட்ட கேள்வி ஒன்றுதானாம். தரகர், "டீ கூடக் குடிக்க மாட்டான்மா" என்றிருக்கிறார். படிப்பு குறைவு, கடை சிறிது, ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காகப் பெண் கொடுத்தார்கள். நான் டீ குடிப்பேன் என்பது கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. அதை மன்னித்துவிட்டார்கள்.

அத்தை பக்கத்தில் ஒரு வழக்கம். மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். முன்னால் வந்து நிற்கமாட்டார், "நீங்க" என்று சொல்லமாட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். மாமா உயிரோடு இருந்தவரை அவர்தான் அந்த ஆள். நான் இலையில் உட்கார்ந்திருப்பேன், அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிடலாம்ல, கேளுங்க" என்பார். மாமா என்னைப் பார்ப்பார். நான் போதும் என்று மாமாவிடம் சொல்வேன். அடுத்த நிமிடம் ரசம் வந்துவிடும். மரியாதைக் குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

மாமா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது, ஓர் ஆகஸ்டில் அத்தையை அழைத்து வந்தோம். எங்கள் மகள் அந்த மாதம்தான் காலேஜ் விடுதிக்குப் போயிருந்தாள். அவளுடைய அறையை அத்தைக்குக் கொடுத்தோம். திரும்பிப் போக நவம்பரில் டிக்கெட் போட்டிருந்தது. ஊரில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கப் போகிறாரே என்று மனைவிக்கு ஒரே கவலை. "க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்றேன்மா, இங்கயே இருந்துடு" என்று வந்த வாரத்திலேயே கேட்டாள். "பார்ப்போம்" என்றார் அத்தை. மறுபடி கேட்டபோதும் அதே வார்த்தை. மூன்றாம் முறை மனைவி என்னிடம் வந்தாள்.

"பகல்ல நீங்கதான் வீட்ல இருக்கீங்க. எப்படியாவது அம்மா இங்க இருக்கணும். போனா அவங்க ரொம்ப நாள் தாங்கமாட்டாங்க, எனக்குத் தெரியுது. கொஞ்சம் பார்த்துக்கோங்க."

நான் சரி என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு மணியிலிருந்து மாலை ஆறரை வரை அந்த வீட்டில் நானும் அத்தையும் மட்டும். நடுவில் ஆள் இல்லை. முதல் நாள் நான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் பார்த்துக்கொண்டே, "சோறு வடிச்சாச்சு. சாப்பிடுறதுன்னா சாப்பிடலாம்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்து, "இதோ" என்றேன். அதன் பிறகு அதுவே முறையாகிவிட்டது. அவர் ஃபிரிட்ஜிடம் சொல்வார். நான் சிங்குக்கு மேல் இருந்த ஜன்னலிடம் பதில் சொல்வேன். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம், மிஞ்சினால் ஐந்து.

அத்தை தூங்கவில்லை. விடிகாலை நாலரைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த அறையின் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும். மதியம் சோபாவில் உட்கார்ந்திருப்பார், டிவி போடமாட்டார். கை இரண்டும் மடியில் இருக்கும். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு புது வாக்கியம் வந்தது.

"வேலியில கொத்துக் கொத்தாத் தொங்குதே, அது என்ன பூவோ."

"மருந்துப் பூ" என்றேன் ஜன்னலிடம். "டீ மாதிரி போட்டுக் குடிப்பாங்க. தூக்கம் வரும்."

பொய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி அதைத்தான் செய்வார், நானே ஒருமுறை குடித்திருக்கிறேன். ஆனால் உண்மையின் வாலை மட்டும் காட்டிவிட்டு மாட்டை மறைத்தேன்.

அன்று மாலை ஐந்தாறு பூ பறித்து வந்து கொதிநீரில் போட்டு மூடி வைத்தேன். அதிக நேரம் ஊறினால் வாயில் வைக்க முடியாது என்பதால் ஐந்து நிமிடத்தில் வடிகட்டி, தேன் கலந்து மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். தேனையும் மீறிக் கசந்திருக்க வேண்டும்.

"வேப்பம்பூ ரசத்துக்கு இது பரவாயில்லை" என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டு முழுவதையும் குடித்துவிட்டார்.

மறுநாள் விடிகாலை நான் கிளம்பியபோது கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. பூவினால் வந்த தூக்கமா, அல்லது அன்றைக்குத் தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமல் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் வந்தபோது அத்தை டெக்கில் நின்று பூ பறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொடித் தண்டில் கண்ணுக்குத் தெரியாத முள்மயிர் உண்டு, கையில் பட்டால் கோடு கோடாகத் தடித்துவிடும். அத்தையின் முழங்கை வரை சிவந்திருந்தது. உள்ளே போய் என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து நாற்காலி முதுகில் போட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, கைப்பட்டையின் பொத்தானையும் மாட்டியிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் பறித்தோம். நான் வேலி அடியிலிருந்து கயிற்றை அறுத்துக் கொடியோடு இறக்குவேன், அத்தை டெக்கில் உட்கார்ந்து பூவை மட்டும் உருவிக் கூடையில் போடுவார். எது பழுத்தது, எது பிஞ்சு என்று நான் சொல்லவே இல்லை. அழுத்திப் பார்த்துத் தாள் மாதிரி சரசரத்து, விட்டதும் பழையபடி விரிந்தால் எடுக்கலாம் என்பதை அவராகவே கண்டுபிடித்துவிட்டார். மஞ்சள் பொடி அப்பிய விரல்களை மூக்கருகே கொண்டுபோய் அடிக்கடி முகர்வார். பேச்சு கிடையாது. வேலிக்கு அப்பால் யாராவது புல் வெட்டும் சத்தம், தூரத்தில் ஃப்ரீவேயின் இரைச்சல், பூ கூடையில் விழும் சத்தம். இப்போது அந்த வீட்டை நினைத்தால் முதலில் அந்த மதியங்கள்தான் ஞாபகம் வருகின்றன. என்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து, தலை நிமிராமல் பூ உருவும் அத்தை.

என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. பறித்ததில் பாதியைப் பச்சையாகவே பானையில் போட வேண்டும். பச்சைப் பூவில் செய்யும் பீர் வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். பறித்த மறுநாளைத் தாண்டினால் அந்த மணம் போய்விடும். அதனால் கடைசி இரண்டு நாளுக்கென்று செழிப்பான கொடிகளை விட்டு வைத்திருந்தேன். மீதியை, அத்தை அறைக்குப் போன பிறகு, அன்றன்றைக்கே பேஸ்மென்ட்டில், வெயில் படாத இடத்தில், வலையில் பரப்பி மின்விசிறிக் காற்றில் காயவைத்து வந்தேன். அத்தை கோயிலுக்குப் போகும் நாளில் மனைவியோடு அனுப்பிவிட்டுப் பானையை அடுப்பில் ஏற்றுவது என்று கணக்குப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழக்கம்போல் நாலு பாட்டில் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

கடைசிக் கொடிகளை இறக்கிய மறுநாள் கடைக்கு லாரி வரவில்லை. வழியில் பழுதாகி நிற்கிறதாம், மதியத்துக்கு மேல்தான் வரும், யாரும் போகக் கூடாது என்றார் முதலாளி. வீட்டில் இரண்டு பெரிய கூடை நிறையப் பூ குவிந்து கிடக்கிறது. குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். பச்சையாகப் போடுவது இன்று நடக்காது, யாராவது எடுத்துப் பரப்பிக் காயவாவது விட வேண்டும். வீட்டில் அத்தை இருக்கிறார், அத்தையிடம் போனும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது? அதனால் மனைவிக்குப் போன் செய்தேன்.

"மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

"அந்தப் பூவைக் காயப் போடணும். அம்மாகிட்ட சொல்லிடு."

"சரி, சரி."

அவள் சொல்லியிருக்கிறாள். அத்தை, "எப்படி? வத்தல் மாதிரியா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு காதில் மீட்டிங்கை வைத்துக்கொண்டு மனைவி, "ஆமாம்மா, அப்படித்தான்" என்றிருக்கிறாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. காரை விட்டு இறங்கும்போதே புளித்த மோர் வாசனை. டெக் முழுவதும் என் இரண்டு வேட்டிகளை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அதன் மேல் அத்தனை பூவும் பரப்பியிருந்தது. காலையிலேயே ஃபிரிட்ஜில் இருந்த இரண்டு பெரிய டப்பா தயிரையும் கடைந்து உப்புப் போட்டு, பூவை அதில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் போட்டிருக்கிறார். மோர்மிளகாய்க்குச் செய்கிற அதே பக்குவம். பச்சை எல்லாம் வெளுத்து, ஒவ்வொரு பூவும் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கிக் கிடந்தது. அத்தை முக்காலியில் உட்கார்ந்து காக்கை வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட் பிரன்ஸ்விக் காக்கைகள் அந்தப் பக்கமே வரவில்லை.

வந்ததிலிருந்து அத்தையின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம். ஒரு முழு நாள் வேலை செய்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு வெயில் காஞ்சாப் போதும்" என்றார் செங்கல்லிடம்.

"நிறைய வேலை ஆயிருச்சு போல" என்றேன் கைப்பிடியிடம். வேறு என்ன சொல்ல? பாழாகிவிட்டது என்று சொன்னால், எதற்குப் பாழ் என்று சொல்ல வேண்டும்.

மாலை மனைவி வந்து பார்த்துவிட்டு என்னை அறைக்குள் இழுத்துப் போனாள். "ஐயோ சாரிங்க, வத்தல் மாதிரியான்னு கேட்டாங்க, நான் கவனிக்காம ஆமான்னுட்டேன்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை மதியம், வத்தல் முதல்முறையாகப் பொரிக்கப்பட்டு என் தயிர்ச் சோற்றுக்குப் பக்கத்தில் வந்தது. எண்ணெயில் போட்டதும் இதழெல்லாம் விரிந்து கருஞ்சிவப்பாகியிருந்தது. ஒன்றை வாயில் போட்டேன். முதலில் உப்பு, பிறகு புளிப்பு, அப்புறம் ஒரு கசப்பு வந்தது. சுண்டைக்காயும் பாகலும் சேர்ந்து வந்து நாக்கில் குடியேறின மாதிரி, தண்ணீர் குடித்தும் போகவில்லை. அத்தை அடுப்பைப் பார்த்தபடி நின்றார், ஆனால் காது இங்கே இருந்தது. நான் இன்னும் நாலு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அத்தை திரும்பாமலேயே தலையை ஆட்டிக்கொண்டு, பொரித்தது இருந்த கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, மீதி வத்தலைப் புரட்டிவிட டெக்குக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார். நல்ல குரல் அவருக்கு, நாற்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்.

"ஹே! வேர் இஸ் மை பீர்?"

நான் சாப்பாட்டுக் கையோடு ஓடினேன். அவர் அத்தையைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, வெறுமையாக இருந்த கயிறுகளைச் சுட்டிக்காட்டி, எல்லாப் பூவும் பீருக்குள் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டார். மொத்தம் மூன்று முறை பீர் என்றார், மூன்று முறையும் விரல் கொடியைக் காட்டியது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

அத்தை அவரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். கிண்ணத்தில் இருந்த பொரித்த வத்தலில் ஒன்றை எடுத்து, வேலியருகே போய் அதற்கு மேலாக நீட்டினார். அவர் சந்தோஷமாக வாங்கி வாயில் போட்டார். அவருடைய முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். துப்பவும் மனமில்லாமல், விழுங்கவும் முடியாமல், "குட், குட்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

அத்தையும் உள்ளே போனார். நானும் போய்ப் பாதிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்தேன். கை காய்ந்துகொண்டிருந்தது. இனி நவம்பர் வரைக்கும் கூட இருக்கமாட்டார், நாளைக்கே டிக்கெட்டை மாற்றச் சொல்வார், மனைவி அழுவாள், எல்லாம் என்னால் என்று ஓடியது மனம்.

"மாப்பிள்ளை."

யாரிடம் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அத்தை மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடிப்பீங்களா?"

"சனிக்கிழமை ஒரு கிளாஸ், அத்தை. சில வாரம் அதுவும் இல்லை."

"பாப்பாவுக்குத் தெரியுமா?" என் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் மருந்துப் பூ."

நான் தட்டில் மிச்சமிருந்த வத்தலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா மோர்ல போட்டிருக்கமாட்டேன்ல. ரெண்டு டப்பா தயிரு. உங்க பூவும் போச்சு, என் தயிரும் போச்சு. அதை வேற நல்லாருக்கிற மாதிரி அள்ளி அள்ளித் திங்கிறீக." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "குடிகாரங்களை எனக்குத் தெரியாதா? எங்க அண்ணனைப் பார்த்து வளர்ந்தவ நான். கையைப் பார்த்தாப் போதும். உங்க கையில ஒண்ணுமில்லை. அது வந்த அன்னைக்கே பார்த்துட்டேன்."

"அதுக்காக ஊருக்குப் போயிடாதீங்க, அத்தை" என்றேன். எப்படி வந்தது அந்த வாக்கியம் என்று தெரியவில்லை.

"அதுக்காகப் போகலை." அத்தை மேஜையில் இருந்த உப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணினேன். இந்த வீட்ல மத்தியானத்துல இருந்து ரெண்டு பேர் இருக்கோம். நான் ஃபிரிட்ஜுகிட்ட பேசுறேன், நீங்க ஜன்னல்கிட்ட பேசுறீக. ஊர்ல தனியா இருந்தா, தனியாத்தான இருக்கோம்னு வீட்டைப் பூட்டிட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம். இங்க ஆள் இருந்தும் ஆள் இல்லை. அவுக இருந்தவரைக்கும் அவுக மூலமாப் பேசினேன். இப்ப நான் யார் மூலமாப் பேசுறது, சொல்லுங்க?"

நான் பதில் சொல்ல வேண்டிய முறை. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்கு ஓரளவு பேசத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

"அது எப்படிச் செய்றதுன்னு சொல்லட்டுமா, அத்தை?" என்றேன்.

அத்தை நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "சொல்லுங்க."

சொன்னேன். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு டப்பாவில் கிடைக்கும் என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டார். கருப்பட்டிப் பாகு மாதிரி. அதைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் ஒரு கை பூ, அது கசப்புக்கு. இறக்கும்போது இன்னும் நாலைந்து கை, அது மணத்துக்கு.

"ரசத்துக்குக் கொத்தமல்லி போடுற மாதிரி" என்றார் அத்தை. "முன்னாடியே போட்டா மணம் ஓடிரும்."

"ஆமா. அப்புறம் ஆறவச்சு, ஈஸ்ட் போட்டு, மூடி வைக்கணும்."

"இட்லி மாவுக்கு நாம ஒண்ணும் போடறதில்லையே, தன்னால பொங்குதே?"

"இது தன்னாலயும் பொங்கும் அத்தை, ஆனா கெட்டுப்போயிடும். இதுக்குன்னு உள்ளதைத்தான் போடணும். ரெண்டு வாரம் பேஸ்மென்ட்ல இருக்கும். மூடியில ஒரு குழாய், அதுல குமிழ் வந்துக்கிட்டே இருக்கும்."

"குளுக் குளுக்குன்னா?"

"ஆமா."

"அதுவா அது!" அத்தை மேஜையைத் தட்டினார். "வந்த புதுசுல கீழ ஏதோ தண்ணி ஒழுகுதுன்னு பாப்பாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். வாட்டர் ஹீட்டர் சத்தம்னாளே! படிச்சவ, என்ன கூசாமச் சொன்னா பாருங்க."

அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. ஊரில் மாமாவிடம் கூடச் சொல்லாதவற்றைச் சொன்னார் என்று மட்டும் நினைக்கிறேன். நடுநடுவே நானும் என் கடையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஏதேதோ சொன்னேன். சோறு ஆறிப்போய்விட்டது. அத்தை தட்டை வாங்கிக்கொண்டு போய் வேறு சோறு போட்டுக் கொண்டுவந்தார். வெளியே வேட்டியில் கிடந்த வத்தலின் மேல் நிழல் ஏறுவதை இரண்டு பேருமே பார்த்தோம், யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தபோது மணி ஐந்தரை. அதற்குள் அத்தை தன் முடிவை என்னிடம் சொல்லிவிட்டார்.

ஆறரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "அம்மா, இந்த வாரம் ஒரு முடிவு சொல்லிடும்மா. ஃபார்ம் ஃபைல் பண்ணணும்னா இப்பவே ஆரம்பிக்கணும். பார்ப்போம் பார்ப்போம்னா எப்படி?"

அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். கேட்டுக்க."

மனைவி லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"எனக்கு எத்தனை மாப்பிள்ளைடி?"

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாமாம்" என்றேன். "ஃபார்ம் ஃபைல் பண்ணச் சொன்னாங்க. அப்புறம் வாட்டர் ஹீட்டரைப் பத்தி உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

பை தோளிலிருந்து வழுக்கி முழங்கைக்கு வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அத்தை நறுக்கிய பீன்ஸை வாணலியில் போட்டுவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்.

"ஏன்டி நிக்கிற? போயி கை காலைக் கழுவிட்டு வா. மாப்பிள்ளை, நீங்க அந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவுங்க."